பேறு பார்த்த கைகளுக்கு

காரைக்கால் வட்டாரத்தின் கடற்கரையில் மண்டபத்தூர் என்றொரு சிற்றூர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் நமக்கு வேண்டிய குடும்பமொன்றில் பிறந்த குழந்தையைப் பார்க்கச் சென்றிருந்தோம். பிள்ளை பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. திண்ணையில் சாய்ந்திருந்த மூதாட்டி, குழந்தையின் தாய்மாமனை அழைத்துக் கேட்டார்: "ஏண்டா தம்பி, புள்ளைய கையில வாங்குன அந்த நர்சம்மாவுக்கு என்னடா செஞ்சீங்க?"

"ஐந்நூறு ரூவா குடுத்தோம் அப்பாயி. நர்சுக்கு இல்ல, ஆயாவுக்கு. ஆம்பளப் புள்ளன்னா ஐந்நூறாம், பொண்ணுன்னா முந்நூறாம்."

"அது அவ கேட்டது. நீங்க செஞ்சது என்னன்னுல்ல கேக்குறேன்."

மருமானிடம் விடையில்லை. இரவு முழுவதும் அருகிருந்து பேறு பார்த்த செவிலியின் பெயர்கூட அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கேட்டவர்க்குக் கொடுத்தார்கள், கேளாதவரை மறந்தார்கள். மூதாட்டி 'கொடுத்தீர்களா' என்று கேட்கவில்லை, 'செய்தீர்களா' என்றே கேட்டார் என்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தோம். சீர் செய்தல், முறை செய்தல் என்று நம் வழக்கில் உறவுக்குரிய வினை அது. வள்ளுவரும் தம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதான் பெயரிட்டார்.

பேறு பார்த்த கைகளுக்குத் தமிழர் என்ன செய்து வந்தனர், இன்று எதைச் செய்தல் தகும் என்னும் கேள்வியைச் சற்று வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

'நர்ஸ்' என்பதற்கு இன்று நாம் வழங்கும் 'செவிலியர்' என்ற சொல் சங்க இலக்கியத்திலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்ற தாயும் அவளே. நற்றிணையின் 110ஆம் பாடலில் பாற்கிண்ணம் ஏந்திச் சிறுமியின் பின்னால் ஓடிக் களைத்துப்போகும் செவிலியரைப் பார்க்கிறோம். உடன்போக்கில் பெண் சென்றுவிட்டால், பெற்ற தாய் வீட்டிலிருந்து புலம்ப, செவிலி பாலை வழியே தேடிப் புறப்படுகிறாள்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது நற்றிணையின் 40ஆம் பாடல். பிள்ளை பெற்ற வீட்டின் காட்சி அதில் விரிகிறது. மணி ஒலிக்கும் மனை, மணல் பரப்பிய பந்தர், நெய்பூசி நீராடி வெண்சிறுகடுகு அணிந்த இளந்தாய், மெல்லிய துணியணையில் உறங்கும் புதல்வன். அப்புதல்வனோடு செவிலியும் உறங்குகிறாள். ஈன்ற அறையின் வாடை அவள் மேனியில் இன்னும் இருக்கிறது. ஈன்ற அணிமைக்குத் தமிழில் 'புனிறு' என்று தனிச்சொல்லே உண்டு. தாய்க்கு நீராட்டு முடிந்துவிட்டது. செவிலிக்குக் குளிக்கவும் பொழுதில்லை, அயர்ந்துவிட்டாள். விடியற்காலையில் மகப்பேற்றுப் பிரிவின் வாயிலில் நின்றவர் எவரும் இக்காட்சியை அடையாளம் கண்டுகொள்வர். அப்பாடலில் செவிலிக்கு எவரும் எதுவும் வழங்கவில்லை. அவள் அவ்வீட்டைச் சேர்ந்தவள். வீட்டாருக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் பெரிதாக இல்லை.

*

பேறு பார்த்ததற்குக் காணிக்கை என்பது மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் திருச்சிராப்பள்ளி மலைக்கோயில். ஆற்றின் அக்கரையில் தாய். இக்கரையில் நிறைசூலியான மகள் இரத்தினாவதி. காவிரியில் வெள்ளம் வர, தாயால் உரிய வேளையில் வந்து சேர முடியவில்லை. சிவபெருமானே அத்தாயின் வடிவில் வந்து மகளுக்குப் பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நின்றபோதுதான் முன்வந்தவர் யார் என்பது விளங்கிற்று. இதனால் அவர் தாயுமானவர் ஆனார் என்கிறது தலபுராணம். நலமாகப் பிள்ளை பெற்றவர்கள் அங்கே வாழைத்தார் செலுத்துவது இன்றும் தொடரும் வழக்கம்.

இக்காணிக்கையை உற்று நோக்குவோம். ஏன் வாழைத்தார்? ஒரே தாரில் பல சீப்புகள், சீப்புக்குப் பல பழங்கள். எவரும் அதைத் தனியே தின்று முடிக்க முடியாது, பகிர்ந்தே ஆகவேண்டும். ஈன்றபின் தாய்மரம் வெட்டப்பட, அருகில் கன்று எழும் மரமும் அதுதான். மேலும், அது ஏழை வீட்டுக் கொல்லையிலும் விளைவது. பொன்னை ஏற்கும் தெய்வங்கள் பல இருக்க, பேறு பார்த்த தெய்வம் ஒரு வாழைத்தாரில் நிறைவடைகிறது.

தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரிலும் கருவைக் காத்த தேவியாகக் கர்ப்பரட்சாம்பிகையை வணங்குகின்றனர். பேறு எளிதாகும் பொருட்டு அம்மன் திருமுன் வைத்த விளக்கெண்ணெய் அங்கே வழங்கப்படுகிறது. பிள்ளை பிறந்தபின் அதைத் தூக்கிக்கொண்டு மீண்டும் சந்நிதிக்கு வருவதே நன்றிக்கடனின் முதன்மையான பகுதி. பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுதல் என்னும் இச்செயலை நினைவில் வைத்துக்கொள்வோம். இறுதியில் இதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கும்.

*

கோயிலில் கதை இப்படி இருக்க, ஊருக்குள் பேறு பார்த்தவள் மருத்துவச்சி. தமிழகத்தின் பெரும்பாலான சிற்றூர்களில் அவள் நாவிதர் குடும்பத்துப் பெண். 1909ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுப்பும் இதைப் பதிவு செய்துள்ளது. அச்சமூகத்தின் பெயரே 'மருத்துவர்' என்று வழங்குவதற்கு ஆண்களின் வைத்தியத்தோடு பெண்களின் பேறுகாலப் பணியும் காரணம்.

அவளுக்கு என்ன கிடைத்தது? இருவகையில் கிடைத்தது. முதலாவது, களத்து நெல். அறுவடையான நெல் வீடு சேரும் முன்பே ஊர்ப் பணியாளர்களுக்குரிய பங்கு களத்தில் பிரிக்கப்படும். 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியில் தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பில், ஊர்தோறும் நாவிதர் உள்ளிட்ட பணியாளர்க்கு ஒதுக்கப்பட்ட பங்குகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. இரண்டாவது, தீட்டுக் கழிக்கும் நாளில் தரப்படுவது: புடவை, அரிசி, எண்ணெய், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் காசு. கடற்கரை ஊராயின் மீனும் சேரும்.

இவ்வழக்கத்தை இனிக்க இனிக்க எழுதிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறோம். ஆனால் அது முழு உண்மையாகாது. களத்து நெல் நன்றியன்று. அது கூலி, அதுவும் விளைச்சல் பொய்த்தால் குறைந்துபோகும் கூலி. தீட்டுக் கழிக்கும் நாளில் தரப்பட்ட புடவை பல வீடுகளில் பழம்புடவை. தொப்புள்கொடி அறுத்த கையே தீட்டு என்று கருதப்பட்டது. பிள்ளை பிறக்கும்வரை உள்ளறையில் இருந்தவள், தீட்டுக் கழிந்தபின் கொல்லைப்புறத்தில் நின்று அரிசி வாங்கினாள். ஆண் பிள்ளை என்றால் கூடுதல், பெண் பிள்ளை என்றால் குறைவு என்ற அளவுகோலும் அங்கேயே தொடங்கிவிட்டது. மருத்துவமனை ஆயா கேட்ட ஐந்நூறுக்கும் முந்நூறுக்கும் மூலம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவச்சி ஊரிலேயே இருந்தாள். தான் கையில் வாங்கிய பிள்ளை நடப்பதையும் பள்ளி செல்வதையும் மணம் முடிப்பதையும் அவள் கண்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளுக்குரியது சென்றது. அந்த உறவில் ஏற்றத்தாழ்வு இருந்தது, மறதி இல்லை.

*

தாயிடம் பெறாமலே பேறு பார்க்கும் ஏற்பாடும் காவிரிப் படுகையில் இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் தம் நாட்டுச் சத்திரங்களின் அறப்பணியை விவரிக்கிறது. வழிப்போக்கர்க்கு உணவு, நோயாளிக்கு மருந்து என்பவற்றோடு, கருவுற்ற பெண்களைப் பரிவோடு பேணுதலும் அதில் வருகிறது. பேற்றுச் செலவைச் சத்திரமே ஏற்கும். தக்க மருந்து தரும். பிள்ளை பெற்றபின் மூன்று மாதம்வரை அங்கேயே தங்கலாம். பேறு பார்ப்போர்க்கு உரியதைப் பொது நிதி ஏற்பது, அதனால் தாய் எவருக்கும் கடன்படாமல் வீடு திரும்புவது என்ற எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று என்பதற்கு இது சான்று.

அவ்வெண்ணம் நிறுவன வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டில். சென்னை எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையின் வரலாறு 1844ல் தொடங்குகிறது. 1854ல் அங்கே பேறு பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணியால் 1857ல் 'பிரசவ வைத்தியம்' தமிழில் நூலாக வெளிவந்தது. 1890களில் திண்டிவனத்தில் ஓரிரவு மூவர் தம் மனைவியரின் பேற்றுக்காக மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடரை அழைக்க வந்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மூவரும் மறுத்தனர். பெண்கள் மூவரும் இறந்தனர். அவ்விரவே வேலூர் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. 1909ல் அங்கே செவிலியர் பயிற்சியும் தொடங்கிற்று. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் அவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது.

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்ததால் அதன் பாதை வேறு. 1739 முதல், இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. மருத்துவச்சிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லின் நேர்ப்பொருள் 'அறிவுடைய பெண்' என்பது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் பிறப்பை அறிவிக்கும் கடமையை முதலில் தந்தைக்கு வைத்தது. தந்தை இல்லாவிடில் பேறு பார்த்த மருத்துவரோ மருத்துவச்சியோ அறிவிக்கலாம் என்றது. தந்தை கடலுக்குள் சென்றிருக்கும் கடற்கரை ஊருக்கு இவ்விதி எவ்வளவு பொருந்துவது! கொல்லைப்புறத்தில் நின்று அரிசி வாங்கியவளின் சொல்லை ஒரு மனிதப் பிறப்புக்குச் சான்றாக அரசு ஏடு ஏற்றுக்கொள்ளும். புடவையும் அரிசியும் தந்திராத மதிப்பு அது.

*

பயிற்சியும் பதிவும் சம்பளமும் வந்தபோது அடிப்படையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பேறு பார்ப்பவர் தாயின் வீட்டாரை எதிர்பார்த்து வாழவேண்டிய நிலை நீங்கிற்று. கூலி வேறு, நன்றி வேறு என்று ஆயிற்று. களத்து நெல்லின் காலத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. மாதச் சம்பளம் பெறும் செவிலிக்கு நாம் ஒன்றைச் செய்தால், அது நன்றி மட்டுமே. பேறு பார்த்தவர்க்கு உண்மையான அன்பளிப்பு என்பது நம் வரலாற்றில் முதன்முறையாக இயலுவதானது மருத்துவமனைக் காலத்தில்தான் என்று கருதுகிறோம்.

அந்த வாய்ப்பைத்தான் கேட்டு வாங்கும் பணம் கெடுத்தது. குழந்தையைக் காட்டுவதற்குப் பணம், சக்கர நாற்காலிக்குப் பணம், துணி மாற்றுவதற்குப் பணம் என்று பல மருத்துவமனைகளில் நடப்பதைத் தமிழ் நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. கேட்பவர் பெரும்பாலும் மிகக் குறைந்த ஊதியத்தில் இருப்பவர் என்பதும் உண்மை. செவிலியர் நிலையும் எங்கும் சீராக இல்லை. மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணிபுரிந்த ஒப்பந்தச் செவிலியர் 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடினர். சம்பளம் தரவேண்டிய இடத்தில் அன்பளிப்பை வைப்பது களத்து நெல்லுக்கே திரும்புவதாகும்.

சட்டமும் இவ்வேறுபாட்டைக் காண்கிறது. புதுவை ஆட்சிப்பகுதி அரசு ஊழியர்க்கும் பொருந்தும் 1964ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், அன்பளிப்புக்கென ஒரு தனி விதியை ஒதுக்கியுள்ளன. விலையுயர்ந்த பொருள் பெறுவதற்குத் தடையும் வரம்பும் உண்டு. எப்போதோ ஒருவேளை உண்ணும் உணவு போன்ற இயல்பான உபசாரம் அன்பளிப்புக் கணக்கில் வராது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் செய்த திருத்தத்தின்படி இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் முறையிட்டால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். ஆகவே பணம் எவ்வகையிலும் நன்றிக்குரிய வடிவமன்று.

*

அப்படியானால் எதைச் செய்தல் தகும்? அதற்கு முன் அவர் செய்தது என்ன என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். முதற்பேற்றில் வலி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். அவ்வளவு நேரமும் அரை மணிக்கொருமுறை குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணிக் குறிக்க வேண்டும். தாயின் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்தபின் குருதிப்போக்கு மிகுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். தாயின் உயிர் ஊசலாடுவது பெரும்பாலும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான். இவையனைத்தையும் ஒருவரே செய்வதில்லை. வலி தொடங்கும்போது இருந்தவர் ஒருவர், பிள்ளை பிறக்கும்போது இருப்பவர் வேறொருவர். தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அத்தனைக்கும் பின்னால் இக்கைகள் உள்ளன.

எனவே முதலில் தகுவது, பகிர்ந்துண்ணும் பொருள். தாயுமானவர்க்கு வாழைத்தார் போல. ஒரு தார் பழமோ, வீட்டில் செய்த பலகாரமோ, இரவுப் பணியில் இருப்போர்க்குச் சூடான சிற்றுண்டியோ போதும். ஒருவர் பெயருக்கன்றி அந்தப் பிரிவுக்கே கொடுப்பது நலம். முறை மாறி வருவோர்க்கும், தரை கழுவும் பெண்ணுக்கும், கேட்ட ஆயாவுக்கும் கேளாத ஆயாவுக்கும் அதில் பங்கு இருக்கவேண்டும். பேற்றுக்கு முன்பாக எதையும் தரலாகாது. அது நன்றியாகாது, முன்பணமாகிவிடும்.

வெளிநாடுகளில் செவிலியர்க்குக் கைக்களிம்பு தரும் வழக்கம் உண்டு. கேட்கும்போது அற்பமாகத் தோன்றலாம். 1847ல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ், பேறு பார்ப்போர் குளோரின் கரைசலில் கைகழுவினாலே தாய்மாரின் சாவு பெரிதும் குறைவதைக் கண்டார். அன்று தொடங்கிய வழக்கத்தால் ஒரு பணிமுறைக்குள் எத்தனையோ முறை கழுவி வறண்டு வெடிக்கும் கைகள் அவை. அக்கைகளை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே அச்சிறு பொருளின் செய்தி.

இரண்டாவது தகுவது, பெயரைக் கேட்டறிந்து எழுதித் தருதல். இன்னார் இன்ன இரவில் எங்கள் வீட்டுப் பெண்ணை இவ்வாறு பேணினார் என்று நான்கு வரி எழுதி அவரிடமும், ஒரு படியை மருத்துவமனைத் தலைவரிடமும் கொடுக்கலாம். புகார் எழுத நமக்குத் தாளும் பேனாவும் எப்போதும் கிடைக்கின்றன. பாராட்டை மட்டும் வாய்ச்சொல்லாகவே விட்டுவிடுகிறோம்.

பெயர் என்றதும் காரைக்காலுக்கே உரிய கதை நினைவுக்கு வருகிறது. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிப் புனிதவதியாரைப் பிரிந்த பரமதத்தன், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். பிறந்த பெண்மகவுக்கு அவன் இட்ட பெயர் புனிதவதி. பின்பு அம்மையார் எதிரே வந்தபோது மனைவி மகளோடு அவர் காலில் வீழ்ந்து, யான் உம் அருளால் வாழ்வேன், இக்குழந்தைக்கும் உம் பெயரே என்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்லும் கதை இது. பெண் குழந்தைக்கு 'முந்நூறு' என்று விலை சொல்லப்படும் காலத்தில், காரைக்கால் வணிகன் தன் வணக்கத்தை ஒரு பெண் குழந்தையின் பெயராக்கிச் செலுத்தினான் என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆணாயினும் பெண்ணாயினும் செய்வது ஒரே அளவாக இருத்தல், தகுதியான அன்பளிப்பின் கட்டாய இலக்கணம்.

மூன்றாவது, திருக்கருகாவூரில் செய்வதுபோல் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுதல். மருத்துவச்சிக்குக் கிடைத்து, செவிலிக்குக் கிடைக்காமல் போனது இது ஒன்றுதான். தாம் கையில் வாங்கிய பிள்ளைகள் என்ன ஆயின என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தடுப்பூசிக்கோ வேறு எதற்கோ அதே மருத்துவமனைக்குச் செல்லும் நாளில், அந்தப் பிரிவின் வாயில்வரை நடப்பதில் நமக்கு என்ன செலவு?

மண்டபத்தூர் மூதாட்டியிடம் பின்னொரு நாள் இதைச் சொன்னோம். முழுவதும் கேட்டார். "இதுக்கா இவ்ளோ படிச்சீங்க?" என்று சிரித்துவிட்டு, உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். குழந்தைக்கு அப்போது ஏழாம் மாதம். மறுவாரம் ஒரு சீப்புப் பழத்தோடு அவர்கள் காரைக்கால் பேருந்தில் ஏறினார்கள். விசாரித்து விசாரித்து அந்தச் செவிலியைக் கண்டுபிடித்ததாகவும், முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றும், தெரிந்ததும் பழத்தைத் தொடாமல் பிள்ளையைத்தான் வாங்கிக்கொண்டார் என்றும் பின்னர் அறிந்தோம். அவர் பெயர் அவ்வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும்.